பழைய புல்லட்டுக்கு எந்தப் பெட்ரோல்? சாதா, 95, 100 மூன்றையும் ஊற்றிப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

என் தந்தை 1994-இல் வாங்கிய புல்லட் 350 இன்றும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. வார்ப்பிரும்பு சிலிண்டர், வலது காலில் கியர், பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் தொடுமுனைகளால் பிளக்கில் பொறி வரவழைக்கும் பழைய முறை), மிக்கார்ப் கார்புரேட்டர் எல்லாம் வந்தபடியே இருக்கின்றன. ஒரே ஒரு முறை சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து, சற்றுப் பெரிய அளவுப் பிஸ்டன் மாற்றியிருக்கிறோம். இந்த வண்டியை நாமக்கல்லில் எந்தப் பெட்ரோல் பங்க்கில் கொண்டுபோய் நிறுத்தினாலும், "சாதாவா, பிரீமியமா?" என்ற கேள்வி வரும். கேட்பவரே, "பழைய வண்டி சார், பிரீமியம் போடுங்க, இன்ஜினுக்கு நல்லது" என்று பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். புல்லட் வைத்திருக்கும் நண்பர்களிலும் பாதிப்பேர் இதையே நம்புகிறார்கள். லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் ஒரு பொருள் உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பி, சாதா பெட்ரோல், பிரீமியம் என்று விற்கும் 95 ஆக்டேன் பெட்ரோல், 100 ஆக்டேன் பெட்ரோல் ஆகிய மூன்றையும் இந்த ஒரே வண்டியில், முடிந்தவரை ஒரே சாலையில் ஓட்டிப் பார்த்தேன். அந்த அனுபவத்தையும், அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆக்டேன் என்ற எண் எதைச் சொல்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் குழப்பம் முழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்தும்போது அது சூடேறுகிறது. பிளக்கின் பொறி பட்டபின் தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சீராகப் பரவ வேண்டும். அப்படிப் பரவி முடிவதற்குள், இன்னும் எரியாமல் மூலையில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் தானாகவே வெடித்துவிட்டால் அதுதான் நாக்கிங், அதாவது இன்ஜின் தட்டுவது. அவ்வாறு தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் திறனைக் குறிக்கும் எண்தான் ஆக்டேன். ஐசோ ஆக்டேன் என்ற சேர்மத்துக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு, அழுத்த விகிதத்தை (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற அளவை) மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு சோதனை இன்ஜினில் ஓட்டி ஒப்பிட்டு இந்த எண்ணை அளக்கிறார்கள். எரிபொருளில் எவ்வளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பதை இந்த எண் சொல்வதில்லை. 95 ஆக்டேன் பெட்ரோல் 91-ஐவிட வலிமையானதும் அல்ல, சத்து மிகுந்ததும் அல்ல. அது எளிதில் தானாகத் தீப்பற்றாது, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு வண்டிக்கு எந்த ஆக்டேன் வேண்டும் என்பதை அந்த வண்டியின் வயது தீர்மானிப்பதில்லை. அதன் அழுத்த விகிதமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய புல்லட் 350-இன் அழுத்த விகிதம் 8-ஐக்கூட எட்டாது. அதற்குப் பின் வந்த, இன்ஜினும் கியர் பெட்டியும் ஒன்றாக அமைந்த புல்லட்டில் அது 8.5. 2008-இல் வந்த யமஹா ஆர்15-இல் 10.4. இந்த மூன்று எண்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே விடையில் பாதி கிடைத்துவிடும். எங்கள் புல்லட் கடையிலிருந்து வெளிவந்த காலத்தில் நம் நாட்டில் விற்ற சாதா பெட்ரோலின் ஆக்டேன் 87, 88 என்ற அளவில்தான் இருந்தது. அந்த எரிபொருளில் ஓடுவதற்காகவே அமைக்கப்பட்ட இன்ஜின் அது. பிஎஸ்-3 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தோடு சாதா பெட்ரோலின் குறைந்தபட்ச ஆக்டேன் 91-ஆக உயர்ந்தது. அதாவது, நாம் எதுவும் செய்யாமலேயே நம் பழைய வண்டிகளுக்குத் தேவைக்கு மேற்பட்ட ஆக்டேன் கிடைக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

வெளிநாட்டு வண்டி வைத்திருப்பவர்களுக்காக இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் எழுதியிருக்கும் எண் இரண்டு வகைச் சோதனைகளின் சராசரி. நம் ஊரில் குறிப்பிடும் எண்ணோ அவற்றில் ஒரு சோதனையின் முடிவு மட்டுமே. அங்கே 87 என்று இருப்பது இங்கே ஏறத்தாழ 91-க்குச் சமம். அமெரிக்கச் சந்தைக்கான கையேட்டில் 91 என்று பார்த்துவிட்டு நம் சாதா பெட்ரோல் போதும் என்று நினைத்தால் தவறாகிவிடும்; அந்த வண்டிக்கு 95-ஐ ஒட்டிய பெட்ரோல் வேண்டும்.

இனி சோதனைக்கு வருகிறேன். நாக்கிங்கை வரவழைக்க வேண்டுமானால் சமதளச் சாலை உதவாது. வேகம் குறைவாகவும், பாரம் அதிகமாகவும், திராட்டில் நன்றாகத் திறந்தும் இருக்கும்போதுதான் அது தலைகாட்டும். அதற்கு எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கொல்லிமலை இருக்கிறது. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம் சென்று, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செம்மேட்டை அடையும் சாலை அது. பின்னால் தம்பியை உட்காரவைத்து, ஒவ்வொரு பெட்ரோலுக்கும் ஏப்ரல், மே மாத நண்பகலில் ஏறினேன். சாதாவும் 95-உம் மும்மூன்று முறை முழு டேங்க் நிரப்பி, ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட்டியபின் மலையேறினேன். 100 ஆக்டேன் எங்கள் ஊரில் கிடைப்பதில்லை. பெங்களூரு சென்றிருந்தபோது அங்கே டேங்க்கைக் காலியாக்கி நிரப்பிக்கொண்டு, ஓசூர், தொப்பூர் வழியாக ஊர் திரும்பி, மிச்சமிருந்ததை வைத்து ஒரு முறை மலையேறினேன். ஆதலால் அதைப் பற்றிய என் கருத்தைச் சற்றுக் குறைந்த எடையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் சுற்றில் சாதா பெட்ரோலுடன் ஏறியபோது வண்டி தட்டியது. ஆறாவது, ஏழாவது வளைவிலிருந்து, மூன்றாம் கியரில் திராட்டிலை முறுக்கும்போதெல்லாம், வெண்கலச் செம்புக்குள் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சன்னமான ஓசை கேட்டது. வால்வைத் தள்ளும் டேப்பட்டின் ஓசையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. டேப்பட் ஓசை வண்டி நின்று ஓடிக்கொண்டிருக்கும்போதும் கேட்கும், திராட்டிலை விட்டாலும் போகாது. நாக்கிங்கோ பாரம் ஏறும்போது மட்டும் வந்து, திராட்டிலைச் சற்றுத் தளர்த்தியதும் அந்த நொடியே அடங்கிவிடும். 95-க்கு மாறி அதே மலையை ஏறினேன். ஓசை முழுவதும் போகவில்லை. ஆனால் நன்றாகக் குறைந்தது. இந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்தால், பிரீமியம் பெட்ரோலைப் புகழ்ந்து இதை எழுதியிருப்பேன். பலரும் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் 87 ஆக்டேனில் ஓட வேண்டிய இன்ஜின் 91-க்கு மேற்பட்ட பெட்ரோலில் ஏன் தட்ட வேண்டும் என்ற கேள்வி என்னை விடவில்லை. எங்கள் குடும்ப வண்டிகளை நெடுங்காலமாகப் பார்த்துவரும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பெட்ரோலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். இளம்பழுப்பாக இருக்க வேண்டிய நுனி வெளுத்துப்போயிருந்தது; கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று கூடியிருப்பதன் அடையாளம் அது. பிறகு பாயிண்டைப் பார்த்தார். 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டிய இடைவெளி கூடிப்போயிருந்தது. பாயிண்ட் இடைவெளி கூடினால் அது முன்னதாகவே திறக்கும். பொறியும் முன்னதாகவே விழும். பிஸ்டன் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும்போதே தீ பற்றி, அழுத்தம் அளவுக்கு மீறி உயரும். கடைசியாக, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைப் பிரித்தபோது பிஸ்டனின் தலையிலும் ஹெட்டின் குழிவிலும் கரி பாளமாகப் படிந்திருந்தது. கரி இடத்தை அடைத்துக்கொள்வதால் அழுத்த விகிதம் கூடுகிறது; அதன் விளிம்புகள் கனன்று நின்று கலவையை மேலும் சூடாக்குகின்றன. இந்த மூன்றும் சேர்ந்து, குறைந்த ஆக்டேனே போதும் என்றிருந்த ஓர் இன்ஜினை அதிக ஆக்டேன் கேட்கும் இன்ஜினாக மாற்றிவிட்டிருந்தன.

கரியைச் சுரண்டி எடுத்து, வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்து, பாயிண்டையும் டைமிங்கையும் (பொறி விழும் நேரத்தையும்) சரிசெய்து, கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கி வண்டியைத் திருப்பிக் கொடுத்தார். அதே சாதா பெட்ரோலோடு, அதே தம்பியோடு, அதே நண்பகலில் மறுபடியும் கொல்லிமலை ஏறினேன். செம்மேடு வரை ஓர் இடத்திலும் தட்டவில்லை. அதன்பின் 95-ஐ ஊற்றி ஏறியபோது எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த தம்பியிடம் எந்தப் பெட்ரோல் என்று சொல்லாமலே கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை. மைலேஜைப் பொறுத்தவரை, டேங்க் நிரப்பி அளந்ததில் இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு, எதிர்க்காற்று அடித்த நாளுக்கும் அடிக்காத நாளுக்கும் இடையே இருக்கும் வேறுபாட்டைவிடக் குறைவு. 13 லிட்டர் நிரப்பினால் ஏறத்தாழ நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம். அந்தப் பணத்துக்கு என் வண்டி எனக்கு எதையும் திருப்பித் தரவில்லை.

இதில் வியப்பில்லை. இன்றைய கார்கள் சிலவற்றில் நாக்கிங்கை உணரும் சென்சார் உண்டு. அதிக ஆக்டேன் கிடைத்தால் கணினி தானாகவே டைமிங்கை முன்னே தள்ளி அதைப் பயன்படுத்திக்கொள்ளும். பாயிண்டும் கார்புரேட்டரும் உள்ள புல்லட்டுக்கு டேங்க்கில் என்ன இருக்கிறது என்று தெரியவே தெரியாது. 100 ஆக்டேன் ஊற்றினாலும் அது தனக்கு விதித்த நேரத்தில்தான் பொறியை விடும். பெங்களூரிலிருந்து வந்த வழி நெடுக நான் கவனித்தது இதைத்தான். வண்டி நன்றாக ஓடியது. சாதாவில் எப்படி ஓடுமோ அப்படியே ஓடியது. அந்தப் பெட்ரோல் ஒருபோதும் தாழ்ந்த பொருள் அல்ல. ஆனால் அது பேசும் மொழி இந்த இன்ஜினுக்குத் தெரியாது. சாதாவைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலை கொடுத்து அதைப் பழைய புல்லட்டில் தொடர்ந்து ஊற்றுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மலைச் சாலைகளில் ஓட்டுபவர்கள் கவனிக்க ஒரு செய்தி: நாக்கிங் எப்போதும் கீழ் வளைவுகளில்தான் மிகுதியாகக் கேட்டது, உச்சியை நெருங்க நெருங்கக் குறைந்தது. உயரம் கூடும்போது காற்றின் அடர்த்தி குறைகிறது, சிலிண்டருக்குள் நுழையும் காற்றும் குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. ஆகவே இன்ஜின் கேட்கும் ஆக்டேனும் குறைகிறது. "மலைக்குப் போகிறோம், பிரீமியம் போட்டுக்கொள்வோம்" என்பதைவிட, அடிவாரத்திலேயே ஒரு கியர் குறைத்து, இன்ஜினைத் திணறவிடாமல் ஏறுவது பயனுள்ளது. புல்லட்டின் இழுவையில் நம்பிக்கை வைத்து மேல் கியரிலேயே முக்கி முக்கி ஏற்றும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது.

பழைய வண்டிக்காரர்களுக்கு இன்று உண்மையில் கவலை தர வேண்டியது ஆக்டேன் அல்ல, பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹால். 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இப்போது எங்கும் அதுவே கிடைக்கிறது. எத்தனாலின் ஆக்டேன் மிக அதிகம், 108-ஐ ஒட்டியது. இந்தக் கலப்பால் சாதா பெட்ரோலின் ஆக்டேன் 95-ஆக உயர்ந்திருப்பதாகப் பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் விளக்கியது. அப்படியானால் 95 என்ற எண்ணுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பதன் பொருள் இன்னும் சுருங்கிவிடுகிறது. மிஞ்சுவது அதில் சேர்க்கப்படும் துப்புரவு வேதிப்பொருள்தான். கார்புரேட்டரிலும் வால்வின் பின்புறத்திலும் படியும் பிசினைக் குறைக்க அது ஓரளவு உதவலாம். எங்கள் வண்டியில் பாளமாகப் படிந்திருந்த கரியை அது அசைக்கவில்லை. மூன்று டேங்க் 95 ஓட்டிய பிறகுதான் ஹெட்டைப் பிரித்தோம் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

எத்தனாலில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. கணினி இல்லாத கார்புரேட்டர் வண்டியில் இதன் விளைவு, கலவையில் காற்றின் பங்கு கூடிவிடுவதுதான். பிளக் நுனி வெளுத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது மெக்கானிக்கின் கணிப்பு. ஜெட்டை மாற்றியபின் நுனி மறுபடியும் பழுப்பேறியது. ஆக, இ20 ஒரு கையால் ஆக்டேனைக் கூட்டிக் கொடுத்து, மறு கையால் கலவையை மெலியவைத்து வெப்பத்தைக் கூட்டுகிறது. ஜெட்டைச் சரிசெய்யாமல் ஆக்டேனை மட்டும் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. லிட்டருக்குள் அடங்கிய ஆற்றலும் எத்தனாலில் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் சற்றுக் குறையும். சாதா வாங்கினாலும் எத்தனால் கலந்த பிரீமியம் வாங்கினாலும் இந்த இழப்பு ஒன்றுதான்.

அடுத்தது தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவுக்கு மேல் நீர் சேர்ந்தால், எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பங்க்கில் நிரப்பிவந்தபின் வண்டி நான்கு நாள் நின்றிருந்தது. ஐந்தாம் நாள் உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்ததுதான் மிச்சம். கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றி ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றியபோது, அடியில் தெளிவாக வேறொரு திரவம் தனியே நின்றது. இதற்கும் ஆக்டேனுக்கும் தொடர்பு உண்டு. எத்தனால் அடியில் போய்விட்டால், மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேன் கணிசமாகக் குறைந்துவிடுகிறது. ஏனென்றால் அந்த எண்ணை உயர்த்தி வைத்திருந்ததே எத்தனால்தான். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வெளியே எடுக்கும் பழைய வண்டி திடீரென்று தட்ட ஆரம்பித்தால், பிரீமியம் தேடிப் போவதற்கு முன் டேங்க்கின் அடியை வடித்துப் பார்க்க வேண்டும். அத்தகைய வண்டிகளுக்கு மட்டும், எத்தனால் கலக்காததாக அறியப்படும் 100 ஆக்டேன் பெட்ரோலை, மழைக்காலத்துக்கு நிறுத்திவைக்கும் முன் நிரப்பிக்கொள்வது செலவுக்குத் தகுந்த காரியம். அங்கே நாம் விலை கொடுப்பது 100 என்ற எண்ணுக்காக அல்ல, எத்தனால் இல்லாததற்காக.

ரப்பர் பாகங்களையும் விட்டுவிடக் கூடாது. பழைய வாகனங்கள் சிலவற்றில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று அமைச்சகத்தின் விளக்கமே சொல்கிறது. எங்கள் வண்டியில் பெட்ரோல் டியூப் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பிசுபிசுத்து உப்பியிருந்தது. எத்தனாலைத் தாங்கும் டியூபையும், பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கின் வாஷரையும், கிண்ணத்தின் கேஸ்கெட்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டோம். ஓர் ஆண்டில் பிரீமியத்துக்குக் கொடுத்திருக்கக்கூடிய கூடுதல் தொகையில் ஒரு சிறு பங்கே இதற்குச் செலவானது.

முன்பு பெட்ரோலில் சேர்க்கப்பட்ட ஈயம் பற்றிய ஓர் ஐயமும் அடிக்கடி எழுகிறது. 2000-இல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோலுக்கு மாறியபோது, பழைய இன்ஜின்களில் வால்வு மூடும்போது வந்து அமரும் வால்வு இருக்கைகள் தேய்ந்துவிடும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. ஈயம் ஆக்டேனை உயர்த்தியதோடு வால்வு இருக்கைக்கு ஒரு மெல்லிய காப்பாகவும் இருந்தது உண்மையே. ஆனால் இன்றைய பிரீமியம் பெட்ரோலிலும் ஈயம் கிடையாது. ஆகவே அந்த அச்சத்துக்காக 95 வாங்குவதில் பொருளில்லை. எங்கள் ஹெட்டைப் பிரித்தபோது வால்வு இருக்கைகள் நல்ல நிலையில்தான் இருந்தன.

இவ்வளவுக்குப் பிறகும் 95-ஐ வாங்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிக் குறைத்தவர்கள், உயரமான பிஸ்டன் போட்டு அழுத்த விகிதத்தைக் கூட்டியவர்கள், ஆர்15 போல 10-க்கு மேற்பட்ட விகிதம் கொண்ட வண்டியைப் பல ஆண்டுகளாக வைத்திருந்து கரி சேரவிட்டவர்கள், கையேட்டிலேயே 95 என்று எழுதப்பட்ட வண்டிக்காரர்கள் ஆகியோருக்கு அது வீண்செலவு அல்ல. எதையும் மாற்றாத வார்ப்பிரும்பு புல்லட், ஆர்எக்ஸ்100, பழைய ஜாவா, யெஸ்டி போன்றவற்றுக்கு அது தேவையில்லை. மெக்கானிக்கிடம் போக நேரமில்லாமல் மலைப்பயணம் வந்துவிட்டால், தட்டும் வண்டிக்கு ஒரு டேங்க் 95 தற்காலிகமாகக் கைகொடுக்கும்; தட்டிக்கொண்டே ஓட்டிப் பிஸ்டனைக் கெடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மதிப்பெண் போடச் சொன்னால், இந்த வண்டிக்குச் சாதா பெட்ரோலுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறையும் ஒரு மதிப்பெண் எத்தனாலுக்காக. 95-க்கு இரண்டரை, 100-க்கு இரண்டு. இப்போது டேங்க்கில் இருப்பது சாதா. பாயிண்டை 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்ப்பது, கார்த்திகை முடியும் வரை வாரம் ஒரு முறையாவது வண்டியை எடுப்பது என்று வைத்திருக்கிறேன். வரும் சித்திரையில் மறுபடியும் காரவள்ளியிலிருந்து ஏறும்போது, ஆறாவது வளைவில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன்.